கோட்டையும் நூலகமும் எழுந்த பிறகு



சில வாரங்களுக்கு முன் நெட்டுக்குப்பம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஃபாதர், யாழ்ப்பாணத்துக்கு நம்ம மீனம்பாக்கத்துலருந்தே பிளேன் போவுதாமே. ஊரு பழையபடி ஆயிடுச்சா?" விமானம் போவது உண்மைதான். பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஆனால் அவருடைய இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

யாழ்ப்பாண நகரின் மையம் என்றால் கோட்டையும் அதன் அருகே உள்ள பொது நூலகமும், மணிக்கூட்டுக் கோபுரமும், கடைத்தெருவும்தான். நூலகத்தின் கதை நமக்கு நெருக்கமானது. 1933-ல் செல்லப்பா என்ற அன்பர் தம் வீட்டில் சிறிய அளவில் தொடங்கிய வாசிப்பு முயற்சி, ஊராரின் ஆர்வத்தால் வளர்ந்தது. அதற்கு ஒரு பெரிய கட்டடம் வேண்டும் என்று ஓடியாடி உழைத்தவர்களில் முக்கியமானவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அருட்தந்தை லோங் அடிகள். வரைபடம் தயாரித்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் நூலகத் துறையின் தந்தை என்று நாம் போற்றும் எஸ். ஆர். ரங்கநாதன். கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டது. இன்றும் அதன் முன்னே கலைமகள் சிலையும் உண்டு, லோங் அடிகளின் சிலையும் உண்டு. மதங்கள் ஒன்றோடொன்று எப்படி வாழ்வது என்று நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். அவர்கள் ஒரே முற்றத்தில் இரண்டு சிலைகளை வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்கள்!

1981 மே 31 இரவு அந்த நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும், வேறெங்கும் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட தமிழறிஞர் அருட்தந்தை தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்நீத்தார். குருமட நாட்களில் இதைக் கேள்விப்பட்டபோது, புத்தகத்துக்காக ஒருவர் சாவாரா என்று நண்பர்களோடு விவாதித்தது நினைவிருக்கிறது. இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்வி எனக்கு எழுவதில்லை.

போர் முற்றியபோது மையமே போர்க்களமானது. 1990-ல் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. ஒல்லாந்தர் கட்டிய பழைய தேவாலயம் அந்தச் சண்டைகளில் இடிந்து போயிற்று. அதே ஆண்டு யாழ்தேவி ரயில் நின்றது. 1995 அக்டோபர் இறுதியில் நகரமே காலியாகி, இலட்சக்கணக்கானோர் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தனர்.

மீண்டெழுந்ததும் உண்மைதான். 1998-ல் அரசு நூலகத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. எரிந்த சுவர்களைச் சாட்சியாக அப்படியே விட வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். காயத்தின் மேல் வெள்ளையடித்தால் யார் செய்தது என்று பின்னால் யார் கேட்பார் என்பது அவர்களுடைய கவலை. 2003-ல் திறப்பு விழா என்றதும் எதிர்ப்பு எழுந்து, மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. எனினும் இன்று அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கட்டியதே சரி என்பேன். ஆனால் எதிர்த்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2009-ல் போர் முடிந்தபின் கோட்டை மதில்கள் நெதர்லாந்தின் உதவியோடு சீரமைக்கப்பட்டன. 2014 அக்டோபர் 13 அன்று 24 ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. நூலகத்தின் பக்கத்தில் இந்திய உதவியில் பெரிய பண்பாட்டு மையம் எழுந்தது. 2025-ல் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோது, யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டதே என்று ஊரார் கேட்டு, பிறகு அதையும் சேர்த்தார்கள்.

நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டிய வரலாற்றை நாம் அறிவோம். அங்கே பலரும் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கே திரும்ப முடியாதவர்கள் எத்தனை பேர்! 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகரின் வணிகத்தில் பெரும்பங்கு வகித்த மக்கள் அவர்கள். ஒரு பகுதியினரே திரும்பியுள்ளனர். அவர்களைப் பற்றிப் பேசாமல் கடைத்தெரு மீண்டுவிட்டது என்று எழுத என் பேனா கூசுகிறது.

பெரியவருக்கு நான் கடைசியில் சொன்னது மயிலிட்டியைப் பற்றித்தான். நகருக்கு வடக்கே உள்ள அந்தப் பெரிய மீன்பிடித் துறைமுகம் 1990-ல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, 27 ஆண்டுகள் கழித்து 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பியது. கரையை இழப்பது என்றால் என்ன என்று எண்ணூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்த பிறகு, 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் படர்ந்த பிறகு, நமக்கே தெரியும். ஆனால் கரை திரும்பியும் கடலில் அவர்களுக்கு நிம்மதி இல்லை. தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவை மடி தங்கள் வலைகளை அறுக்கிறது, கடலடியைச் சுரண்டுகிறது என்று குருநகர் முதல் மயிலிட்டி வரை மீனவர்கள் முறையிடுகிறார்கள். நம் மீனவர்கள் கைதாகிச் சிறையில் வாடுவதும் உண்மை. அதற்காக நாம் செபிக்கிறோம், குரல் கொடுக்கிறோம். அவர்களுடைய முறையீட்டை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பக்கத்து போட்டா ஃபாதர்?" என்று கேட்டார். இராமேஸ்வரம், நாகை பக்கத்துப் படகுகள்தான் அதிகம் என்றேன். "எந்தப் பக்கமா இருந்தா என்ன, அறுந்த வலை அறுந்ததுதானே" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த வலையின் அடுத்த கண்ணை எடுத்தார்.