வாள் எடுக்காம செல்டா ஆடினா என்ன ஆகும்?

ஏற்கெனவே முடிச்ச ஒரு கேமை மறுபடி எடுத்து ஆடுறதுல என்ன இருக்கு? வழி தெரியும், பாஸ் எப்படி சாவான்னு தெரியும், கிளைமாக்ஸ் தெரியும். பத்து நிமிஷம் "அடடா, அந்தக் காலம்"னு ஃபீல் பண்ணிட்டு மூடி வெச்சிடுவோம். இந்த எபிசோட்ல அதுக்கு ஒரு மாற்று வழி பேசப் போறேன். கேம் சொல்லாத ஒரு விதியை நாமளே போட்டுக்கிட்டு ஆடுறது.

இது புது விஷயம் இல்ல. போக்கிமான் ஆடுறவங்களுக்கு நஸ்லாக் தெரிஞ்சிருக்கும். 2010-ல ஒரு வெப்காமிக் மூலமா பரவின விதிமுறை அது. ஒவ்வொரு ஏரியாவுலயும் முதல்ல வர்ற போக்கிமானை மட்டும் தான் பிடிக்கலாம். அது ஒரு தடவை மயங்கி விழுந்தா செத்ததுக்குச் சமம், திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கேம்ல ஒரு வரி கோடு கூட மாறல. ஆனா ஆடுற ஆளோட கை நடுங்கும்.

நான் எடுத்துக்கிட்டது அதை விடப் பழைய கேம். தி லெஜண்ட் ஆஃப் செல்டா. 1986 பிப்ரவரியில ஜப்பான்ல ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுல தங்க நிற கேசட்ல வந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் உருவாக்கினது. நம்ம ஊர் டிவி கேம்ல மாரியோ, கான்ட்ரான்னு வளர்ந்த பசங்கள்ல பல பேர் இதை ஆடியிருக்க மாட்டாங்க. என் வீட்டு கேசட்லயும் இது இல்ல. அதனால சுருக்கமா சொல்லிடறேன். லிங்க்னு ஒரு பையன். 16-க்கு 8, மொத்தம் 128 ஸ்கிரீன் இருக்கிற ஒரு திறந்தவெளி. அதுல 9 டஞ்சன். எட்டுல ஒவ்வொரு துண்டா ட்ரைஃபோர்ஸ் சேர்க்கணும், ஒன்பதாவதுல கேனன் இருக்கான்.

ஆரம்பிச்ச உடனே முதல் ஸ்கிரீன்லயே ஒரு குகை. உள்ளே போனா ஒரு தாத்தா மரவாள் கொடுப்பார். எல்லாரும் எடுத்துட்டுக் கிளம்புவாங்க. ஆனா எடுக்கணும்னு கட்டாயம் கிடையாது! குகையை எட்டிக்கூடப் பாக்காம பக்கத்து ஸ்கிரீனுக்கு நடக்கலாம், கேம் தடுக்காது. இங்க தான் பழைய ரசிகர்கள் கண்டுபிடிச்ச விதி பிறக்குது: வாளே எடுக்காம எவ்வளவு தூரம் போக முடியும்?

இன்னொரு பிரபலமான விதியும் இருக்கு, மூணு ஹார்ட் சேலஞ்ச். ஆரம்பத்துல இருக்கிற 3 ஹார்ட்டோடயே முழு கேமையும் ஆடணும், வழியில கிடைக்கிற ஹார்ட் கன்டெய்னர் எதையும் எடுக்கக் கூடாது. இதுல ஒரு பக்க விளைவு இருக்கு. வெள்ளை வாள் வேணும்னா 5 ஹார்ட் இருக்கணும், மேஜிக்கல் வாளுக்கு 12. ஆக கடைசி வரைக்கும் மரவாள் தான். கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா நீங்க செய்யறது அதே வேலை தான், தப்பு விடாம செய்யணும், அவ்வளவு தான். விரலுக்குத் தான் பரீட்சை. வாள் இல்லாத விதி அப்படி இல்ல. அது கேள்வித்தாளையே மாத்திடுது.

எப்படின்னு சொல்றேன். வாள் இல்லாம நிக்கறீங்க. கையில ரூபீ பூஜ்யம். எதிரியைக் கொல்ல ஆயுதம் இல்ல. கொல்லாம காசு விழாது. காசு இல்லாம கடையில எதையும் வாங்க முடியாது, நீல மெழுகுவர்த்தியே 60 ரூபீ. ஸ்டார்ட்அப் ஆரம்பிச்ச ஃபிரெண்ட்ஸுக்கு இந்த நிலைமை நல்லாவே புரியும். இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கறதுன்னு நான் சொல்ல மாட்டேன், மொத்த சந்தோஷமே அதுல தான் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க, சும்மா ஓடிக் கடந்து போன ஸ்கிரீன் எல்லாம் இப்போ திடீர்னு முக்கியமாயிடும். எந்தப் பக்கம் எதிரி வருவான், எங்க ஒதுங்கலாம், எந்தக் குகையில என்ன இருக்கு, எல்லாத்தையும் படிக்க ஆரம்பிப்பீங்க. அங்க ஒரு குகையில நுழைஞ்சா, கதவை உடைச்சதுக்கு ஈடுன்னு ஒருத்தர் 20 ரூபீ பிடுங்கிடுவார். சாதாரணமா ஆடும்போது அது ஜோக். இப்போ மாசக் கடைசியில வர்ற பைன் மாதிரி வலிக்கும்.

அப்புறம் வில். முதல் டஞ்சன்லயே வில் இருக்கு, அம்பு கடையில 80 ரூபீ. ஆனா இந்த கேம்ல அம்புக்குத் தனி எண்ணிக்கை கிடையாது. ஒரு அம்பு விட்டா ஒரு ரூபீ குறையும். பர்ஸ் தான் அம்பறாத்தூணி! வாள் இருந்த வரைக்கும் இதை யாரும் பெருசா எடுத்துக்கல. இப்போ ஒவ்வொரு வௌவாலைப் பாக்கும்போதும் "இவன் ஒரு ரூபா பொறுவானா?"ன்னு யோசிக்கணும். பர்ஸோட உச்ச வரம்பு 255. அந்த நம்பரைப் பாத்ததும் நம்ம ஆளுங்க சிரிச்சிருப்பீங்க. ஆமா, ஒரு பைட் தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாம். ஆரம்பத்துல 8 தான் வெச்சுக்க முடியும். கடையில 4 பாம் 20 ரூபீ. பாறையை உடைக்க, சுவத்துல வழி தேடன்னு ஒரு துணைக் கருவியா இருந்தது இப்போ முதன்மை ஆயுதம். டார்க்நட்னு கவசம் போட்ட ஒருத்தன் வருவான். வாளோட போனா அவன் முன்பக்கம் அடி ஏறாது, பக்கவாட்டுலயோ பின்னாலயோ சுத்தி வரணும். பாமுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அவன் நடந்து வர்ற பாதையை ஊகிச்சு வெச்சிட்டு விலகிட வேண்டியது தான். சண்டை போடற கேம் திடீர்னு போக்குவரத்தைக் கணிக்கிற கேமா மாறிடுது.

ஆனா 8 பாம் எத்தனை ரூமுக்கு வரும்? இங்க கேமுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு கணக்கு உதவுது. ஒரு அடி கூட வாங்காம வரிசையா 10 எதிரிகளைக் கொன்னா, பத்தாவது ஆள் 5 ரூபீ மதிப்புள்ள நீல ரூபீ போடுவான். அந்தப் பத்தாவது ஆளை பாம் வெச்சுக் கொன்னா, ரூபீக்குப் பதிலா பாம் விழும். பொருளே போடாத சில வகை எதிரிகளை மட்டும் விட்டுடுங்க. 1986-ல எழுதின கவுன்டர் இது. வாளோட ஆடினா இது இருக்கிறதே தெரியாம முழு கேமையும் முடிச்சிடலாம். வாள் இல்லாதப்போ அந்த கவுன்டர் தான் உங்க சம்பளம். ஒன்பது ஆள் முடிஞ்சு, கையில கடைசி பாம், அடி வாங்காம நிக்கறீங்கன்னு வைங்க. அந்த டென்ஷனை புது கேம் எதுவும் எனக்குக் கொடுக்கல.

ஆறாவது டஞ்சன்ல மந்திரக்கோல் கிடைக்கும். காசு, பாம் எதுவும் செலவாகாம சுடலாம். அதனால வாள் இல்லாம ஆடுறவங்க 1, 2, 3ன்னு வரிசையா போறதில்ல, கோலை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம்னு தான் திட்டம் போடுவாங்க. ஆனா அந்த டஞ்சன் முழுக்க விஸ்ரோப்னு மந்திரவாதிங்க. கோலோட மந்திரம் அவங்க மேல ஏறாது. மறுபடியும் பாம் தான்.

வேலையில நாம அப்பப்போ ஒண்ணு பண்ணுவோம். ஒரு லைப்ரரியைத் தூக்கிட்டு பில்ட் ஓட்டிப் பாப்போம், எங்கெல்லாம் உடையுதுன்னு. அதே தான் இது. வாளைத் தூக்கிட்டு ஓட்டினா செல்டா ஒன்பதாவது டஞ்சன் வரைக்கும் ஓடுது. எல்லா வேலையையும் வாள் ஒண்ணே செஞ்சுட்டதால பையில சும்மா கிடந்த சாமானுக்கெல்லாம் ஏற்கெனவே வேலை எழுதி வெச்சிருக்காங்க.

"இது செயற்கையான கஷ்டம்டா"ன்னு என் ஃபிரெண்ட் ஒருத்தன் சொல்றான். கேமே செயற்கை தானே மச்சி! ஆனா அவன் கேட்ட இன்னொரு கேள்வி சரியானது. விதியை மீறினா யாருக்குத் தெரியும்? ஸ்விட்ச்ல இருக்கிற வெர்ஷன்லயே ரீவைண்ட் இருக்கு, ரெண்டு பட்டனைச் சேத்து அழுத்தினா வாங்கின அடி இல்லாம போயிடும். பத்தாவது ஆள்கிட்ட அடி வாங்கின அடுத்த நொடி விரல் அங்க தான் போகும். என்னைக் கேட்டா, வாள் கூடாதுங்கறதை விட ரீவைண்ட் கூடாதுங்கறது தான் பெரிய விதி. அது இல்லன்னா அந்தப் பத்து ஆள் கணக்குக்கு அர்த்தமே இல்ல. ஆபீஸ் முடிஞ்சு கிடைக்கிற முக்கால் மணி நேரத்துல இருபது நிமிஷ உழைப்பு போயிடும் தான். போகட்டும். செத்த எண்ணிக்கையை கேம் உங்க பேருக்குப் பக்கத்துல ஃபைல் ஸ்கிரீன்லயே எழுதி வெச்சிருக்கும். என்னோடது மூணு இலக்கம், வெட்கமே இல்ல.

கடைசியா கேனன். அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். வாளால அடிச்சு அவனைத் தளர வெச்சு, அப்புறம் வெள்ளி அம்பால முடிக்கணும். அம்பு மட்டும் போதாது. இந்த ஒரே ஒரு இடத்துல தான் கேம் வாள் கேக்குது. அதனால வாள் இல்லாம ஆடுறவங்கள்ல ரெண்டு கட்சி. அவன் ரூம் வாசல்லயே ஆட்டம் முடிஞ்சதுன்னு நிறுத்தறவங்க ஒரு பக்கம். அங்க மட்டும் வாளுக்கு விதிவிலக்கு கொடுக்கறவங்க இன்னொரு பக்கம். நான் ரெண்டாவது கட்சி. அதுக்குள்ள 12 ஹார்ட் தாண்டியிருப்பீங்க, மேஜிக்கல் வாளே எடுக்கத் தகுதி இருக்கும். நான் மரவாள் தான் எடுத்தேன், ஊரையே சுத்திட்டு முதல் ஸ்கிரீனுக்குத் திரும்பிப் போய். தாத்தா அதே இடத்துல நின்னுட்டு இருந்தார்.