வீட்டுப் பட்டறை - 9: கூர் இருந்தும் இழைக்காத இழைப்புளி

வாங்கிய புதிதில் சுருள் சுருளாகச் சீவிய இழைப்புளி, கொஞ்ச காலத்தில் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறது. பிளேடைக் கழற்றித் தாளை வெட்டிப் பார்த்தால் வெட்டுகிறது. திரும்பப் பொருத்தி இழைத்தால் மறுபடியும் வழுக்கல். வீட்டில் தச்சு பழகுகிறவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் இழைப்புளியைப் பரணில் ஏற்றிவிட்டு, கரண்டில் ஓடும் மெஷினுக்கு விலை விசாரிக்கக் கிளம்புகிறார்கள். அநேகமாக அது வீண் செலவு. கோளாறு பெரும்பாலும் பிளேடைத் தீட்டிய விதத்தில் இருக்கும்.

சாதாரண இரும்பு இழைப்புளியில் பிளேடு 45 டிகிரி சாய்வில் உட்கார்ந்திருக்கும். தீட்டிய சரிவு கீழே, மரத்தைப் பார்த்தபடி இருக்கும். முனையை 30 டிகிரிக்குத் தீட்டியிருந்தால், சரிவுக்கும் மரத்துக்கும் நடுவே 15 டிகிரி சந்து மிஞ்சும். அந்தச் சந்துக்கு வேலை உண்டு. முனை அறுத்துக்கொண்டு போகும்போது அடியிலுள்ள மரநார் சற்று அமுங்கி, முனை கடந்ததும் மேலெழும். எழ இடமில்லாவிட்டால் சரிவின் அடியில் முட்டி பிளேடையே தூக்கிவிடும். கல்லில் தீட்டும்போது சீக்கிரம் கூர் வந்தால் போதும் என்ற அவசரத்தில் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்கிறது. 30 டிகிரி 35 ஆகிறது, 40ஐத் தொடுகிறது. சந்து 5 டிகிரியாகச் சுருங்குகிறது. கூர் அப்படியே இருக்கிறது. மரத்துக்குள் இறங்கத்தான் வழியில்லை.

கடைகளில் இன்று கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் வகுத்த அமைப்பைப் பின்பற்றுபவை. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கிக்கொண்டது. பிளேடுக்குப் பின்னால் இருக்கும் திருகை உருட்டினால் ஆழம் கூடும், குறையும். ஆப்பு வைத்த மர இழைப்புளியில் அந்த வேலையைச் சுத்தியல் செய்கிறது: பிளேடின் தலையில் தட்டினால் முனை இறங்கும், கட்டையின் பின்பக்கம் தட்டினால் ஏறும். பிளேடை எப்படிப் பிடித்து வைத்தாலும் சந்துக் கணக்கு மாறாது.

சந்து சுருங்காமல் தீட்டுவதற்குத் தச்சர்கள் கண்ட வழி, ஒரே முனையில் இரண்டு சரிவு. முதலில் சாணையில் 25 டிகிரிக்குப் பெரிய சரிவு. பிறகு கல்லில் 30 டிகிரிக்கு, நுனியில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னச் சரிவு. அன்றாடம் தீட்டுவது அந்தச் சின்னச் சரிவைத்தான். தேய்க்க வேண்டிய எஃகு கொஞ்சம் என்பதால் ஐந்து நிமிட வேலை. தீட்டத் தீட்ட அந்தக் கீற்று அகலமாகும். அப்போதுதான் மறுபடி சாணை.

சாணையில் பொறுமை வேண்டும். கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடானால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பழைய கெட்டித்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். மெல்லிய நுனிதான் முதலில் சூடாகும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி முக்கியெடுப்பதே உத்தமம்.

கல்லுக்கு வருவோம். தச்சர் பெட்டியில் கிடக்கும் கார்போரண்டம் கல், 1890களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சிலிக்கான் கார்பைடு. சென்னையில் முருகப்பா குழுமம், வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு கார்போரண்டம் யுனிவர்சலை 1954இல் தொடங்கியது. கல்லுக்குத் தையல் மெஷின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ போதும். சமையலறையில் கைக்குக் கிடைத்த சூரியகாந்தி எண்ணெயை ஊற்றினால் நாளடைவில் பிசினாக இறுகிக் கல்லின் கண்களை அடைத்துவிடும். நடுவில் குழி விழுந்த கல்லில் நேரான முனை வராது. கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாள் விரித்துக் கல்லைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

எவ்வளவு நேரம் தீட்டுவது? பிளேடின் தட்டைப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி விரலை வெளிப்புறமாக நகர்த்தினால், முனை நெடுகப் பிசிறு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாத இடத்தில் கல் இன்னும் நுனியை எட்டவில்லை. பிசிறு வந்ததும் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்க வைத்து இழுத்து அதை எடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தைத் துளிகூடத் தூக்கக் கூடாது. சோதிப்பதற்குப் பார்சல் பெட்டியின் பைன் பலகை நல்ல நடுவர்: அதன் வெட்டுமுகத்தை உளியால் சீவினால், கூரான முனை பளபளப்பாக விட்டுச் செல்லும், மழுங்கியது நாரை நசுக்கிப் பொடியாக்கும். தாளை வெட்டிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. தேக்கில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். அந்த மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா, முனையைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது.

முனை என்பது சரிவும் தட்டைப் பக்கமும் சந்திக்கும் கோடு. அதனால் துருவிலும் தராதரம் உண்டு. இழைப்புளியின் பக்கச் சுவரில் படிந்த துரு கண்ணுக்குத்தான் உறுத்தல். தட்டைப் பக்கத்தின் கடைசி சில மில்லிமீட்டரில் துரு புள்ளி புள்ளியாக அரித்திருந்தால், ஒவ்வொரு குழியும் முனையில் ஒரு பல்லாகி, இழைத்த பலகையில் கோடு கோடாகத் தெரியும். கடலோர ஊர்களில் அரிப்பு வேகமாக நடக்கும். வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவிய துணியால் ஒரு தடவு தடவி வைப்பது போதுமான காப்பு. ஆயுத பூஜை அன்று உளிகளுக்கு வைக்கும் ஈரச் சந்தனத்தையும் மறுநாளே துடைத்துவிடுவது நல்லது. சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ரம்பத்துக்கும் இதே அக்கறை வேண்டும் என்று நினைத்து அரத்தை எடுப்பதற்கு முன் பல்லின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனிகள் கருநீலமாக இருந்தால் அவை தனியாகக் கடினப்படுத்தப்பட்டவை. சாதாரண அரம் அதில் ஏறாது, அரத்தின் பல்தான் போகும். மழுங்கிய பிறகு அந்த ரம்பத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய, ஒரே நிறப் பல் கொண்ட ரம்பம் வீட்டில் இருந்தால் அதைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம். முக்கோண அரம் ஒன்று இருந்தால் அதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் கூர் வைக்கலாம். எப்படி வைப்பது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)