ஏரிக்குப் பறவை வந்தா வயலுக்கு எரு வந்த மாதிரி

மாசி, பங்குனியில் தெள்ளார் பக்கம் நவரை நெல் வயலில் நிற்கும். அதே நாட்களில், வந்தவாசி தாண்டி மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில் குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறக்கப் பழகும். இந்த இரண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கு.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். பாசன ஏரி. உள்ளே நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நிற்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் அந்த மரங்களில்தான் கூடு கட்டும். வடக்கே மத்திய ஆசியா, சைபீரியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை கூடு கட்டாது. பனிக்காலம் முழுக்க மேய்ந்துவிட்டு, பங்குனி வாக்கில் திரும்பிவிடும்.

பறவைகளின் எச்சம் நேராகத் தண்ணீரில் விழும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. மதகைத் திறந்தால் அந்தச் சத்து பாசன நீரோடு வயலுக்குப் போகும். காசில்லாத எரு! இதை அந்த ஊர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே உத்தரவு வாங்கினார்கள். சட்டம் வருவதற்கு முன்பே ஊர் காவல் வந்துவிட்டது. 2022-ல் இந்த ஏரி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் ஏரியை மட்டும் காத்தால் போதாது. பறவை தங்குவது ஏரியில். இரை தேடுவது சுற்றியுள்ள ஏரி, குளம், நெல் வயல்களில். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையையும் நண்டையும் தின்னும். கொக்கும் உண்ணிக்கொக்கும் உழவு மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே வந்து புழு பூச்சியைப் பொறுக்கும். அந்த வயலில் விஷம் போட்டா, இரை வழியா அது கூட்டிலிருக்கும் குஞ்சுக்குப் போகும். கார்போபியூரான் குருணையை விதை என்று நினைத்துத் தின்று பறவைகள் செத்ததால்தான் அமெரிக்காவில் அதன் பயன்பாட்டை 1990-களில் பெரும்பாலும் நிறுத்தினார்கள்.

நம்ம ஊரில் செய்யக் கூடியவை:

1. ஏரியில் வண்டல் எடுக்கும்போது கூடு உள்ள மரத்தைத் தொடாதீர்கள். கரையோரம் ஆழமில்லாத சரிவை விட்டு வையுங்கள். நாரையும் கொக்கும் நின்று மேய முழங்கால் தண்ணீர்தான் வேண்டும்.

2. ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத் தாங்கிகள் நடுங்கள். கரிச்சான் அதில் உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். இரவில் ஆந்தை வந்தால் எலி குறையும். கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியைப் பிடுங்கிவிடுங்கள். இல்லைன்னா நெல் தின்னும் குருவிகளும் அதில் வந்து உட்காரும்.

3. கூடு கட்டும் பருவத்தில் ஏரிக்கரையில் வெடி வேண்டாம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடிப்பதில்லை.

4. எந்த வாரம் எந்தப் பறவை வந்தது, எந்த வாரம் போனது என்று பண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முந்தின வருஷம் வந்த நாரை இந்த வருஷம் வரலைன்னா, தண்ணீரிலோ இரையிலோ ஏதோ குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். மண் பரிசோதனை போல இதுவும் ஒரு பரிசோதனைதான், செலவில்லாதது.

இயற்கை விவசாயி ஒருத்தர் மட்டும் விஷத்தை விட்டால் அவர் வயல் பிழைக்கும். ஒரே ஏரிப் பாசனத்தில் இருக்கும் எல்லோரும் விட்டால்தான் பறவை வரும். அடுத்த ஏரிப் பாசனக் கூட்டத்தில் இதைப் பேசுங்க.