'நவாப்' சீமைக்குப் போன கதை

கும்பினியார் காலத்தில் கப்பலேறிச் சீமைக்குச் சென்றவை மிளகும் துணியும் மாத்திரம் அல்ல. நம் நாட்டுச் சொற்கள் பலவும் சென்றன. அவற்றுள் ஒன்று 'நவாப்'.

அரபு மொழியில் 'நாயிப்' என்றால் பிரதிநிதி. அதன் பன்மையிலிருந்து பிறந்தது இச்சொல். பாதுஷாவின் சார்பில் மாகாணத்தை ஆண்டவருக்கு அது கௌரவப் பட்டம். இங்கிலாந்தில் அதுவே 'நேபாப்' என உருமாறி, பொருளும் மாறிற்று. இந்தியாவுக்கு வெறுங்கையுடன் வந்து, சில வருஷங்களில் பெருஞ் செல்வத்தோடு திரும்பிய கும்பினி உத்தியோகஸ்தனை ஜனங்கள் அப்படி அழைத்துப் பரிகசித்தார்கள்.

இதற்குச் சிறந்த உதாரணம் ராபர்ட் கிளைவ். 1744-ல் ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சென்னையில் வந்திறங்கியவர் அவர். 1757-ல் பிளாசி யுத்தம் முடிந்ததும், புதிய வங்காள நவாபாகிய மீர் ஜாபரிடம் அவர் பெற்ற சன்மானம் 2,34,000 பவுன். இடையில் கழிந்தவை 13 வருஷங்களே!

1772-ல் சாமுவேல் பூட் என்பவர் 'நேபாப்' என்ற பெயராலேயே லண்டனில் ஒரு ஹாஸ்ய நாடகம் நடத்தினார். நேற்றுவரை குமாஸ்தாவாக இருந்தவன் பரம்பரைப் பிரபுக்களுக்குச் சமமாக அமர்வதும், பார்லிமெண்டு ஸ்தானத்தை விலைக்கு வாங்குவதும் அந்நாளில் சீமையின் பரிகாசத்துக்கு விஷயமாயின. அதற்கு இரண்டே வருஷங்களுக்கு முன், 1770-ல், வங்காளத்தில் பஞ்சத்தால் மாண்டவர்களோ பல லட்சம் பேர்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, சென்னையிலிருந்த கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கொடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக நிலவரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். 1785-ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் இக்கடன்களின் அக்கிரமத்தை விரிவாக எடுத்துரைத்தார். ஆர்க்காட்டு நவாப் கடனாளியானார். சீமையிலிருந்து வந்த குமாஸ்தா 'நேபாப்' ஆனான். வட்டி கட்டியவன் கர்நாடகத்து உழவன்.

ஆங்கிலத்தில் இன்றும் அச்சொல் பெருஞ் செல்வனைக் குறித்து வழங்குகிறது. நம் வீடுகளிலும் வேலை செய்யாமல் மிடுக்காக அமர்ந்திருப்பவனை, "இவர் பெரிய நவாபோ?" என்று கேட்பதுண்டு. கேலி இருக்கட்டும். திடீரென்று உயர்ந்த ஒருவனைக் கண்டு, "எப்படிப்பட்ட சாமர்த்தியம்!" என்று குழந்தைகள் வியந்தால், "அந்தப் பணம் யாருடைய களத்திலிருந்து வந்தது?" என்று கேட்கவும் அவர்களுக்குக் கற்பிப்போம். 'நவாப்' என்ற சொல்லின் சரித்திரம் அதற்கு நல்ல பாடம்.