தென்னை மறப்பதில்லை

2018-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் மாலை, புதுவைக்கு வடக்கே கடலோரத்திலுள்ள காலாப்பட்டுக்கு நாம் சென்றிருந்தோம். ஒரு வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னைகள் வெட்டுண்டு கிடந்தன. மூன்றாவதன் அடியில் கோடரியுடன் ஆள் ஒருவர் நின்றிருந்தார். வீட்டுக்காரப் பெரியவர் நம்மைக் கண்டதும், "வாருங்கள், வாத்தியார் ஐயா! ஐப்பசியில் மழை பெய்தது; கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது. காயைத்தான் காணோம். வெறும் மரத்துக்கு நீர் ஊற்றி என்ன பயன்?" என்றார்.

குற்றம் மரத்தினுடையதா? 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் புதுவையிலும் வழக்கமான அளவுக்கு 62 சதவீதம் குறைந்து போயிற்று. நாம் அதை மறந்தாலும் தென்னை மறப்பதில்லை. இன்று விரியும் பாளைக்கு ஏறக்குறைய 32 மாதங்களுக்கு முன்பே குருத்தினுள் கரு உண்டாகிவிடுகிறது. விரிந்தபின் காய் முற்ற இன்னும் 12 மாதங்கள் ஆகும். இவ்வளவு நீண்ட காலத்தில் எப்போது வறட்சி வந்தாலும் தீங்குதான். நீரில்லாதபோது இலையின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. உணவு தயாராவது குறைகிறது. இளம் பாளை உள்ளேயே கருகும். விரிந்த பாளையிலோ குரும்பை உதிரும். ஆகவே ஒரு வருஷத்து வறட்சியின் கடனை மரம் அடுத்த இரண்டு மூன்று வருஷங்களுக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மாமரத்தின் சுபாவம் வேறு. பூக்குமுன் அதற்குச் சிறிது வறட்சி வேண்டும்; அப்போது நீர் பாய்ச்சினால் பூவுக்குப் பதில் தளிரே மிகும். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே சில வாரங்கள் நீரை நிறுத்திப் பூக்கச் செய்கிறார்கள். தென்னைக்கோ ஓய்வென்பதே கிடையாது. மாதத்துக்கு ஒரு மட்டையும், அதன் கக்கத்தில் ஒரு பாளையுமாக ஆண்டு முழுவதும் உழைக்கும் மரம் அது.

கடற்கரை மணலில் ஈரம் நில்லாது. அதற்காக அளவின்றி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும். உரித்த தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி, மரத்தைச் சுற்றிப் புதைத்து, வட்டப்பாத்தியைக் காய்ந்த ஓலைகளால் மூடுவதே ஏழைக்கும் இயன்ற வழி.

இதையெல்லாம் கேட்ட பெரியவர் கோடரிக்காரரை அனுப்பிவிட்டார். பிறகு, கிடந்த இரு மரங்களையும் பார்த்து, "நேற்றே வந்திருக்கக் கூடாதா, ஐயா?" என்றார். நமக்குப் பதில் தோன்றவில்லை.

காய்க்காத தென்னையின்மேல் கோடரி வைக்குமுன், இவ்வருஷத்து மழையை மட்டுமன்று, கடந்த மூன்று வருஷத்து மழையையும் எண்ணிப் பார்ப்போமாக.