அப்பா ஓட்டிய சிப்பாங்

வாரம் முழுக்க வானொலியில் பேசிவிட்டு கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான் வீட்டுக்குப் போனால், தம்பியின் மேசையில் மோட்டார், பல் வார், அர்டுயினோ பலகை. கணினிக் கார் பந்தயத்துக்கு அவனே ஸ்டீரிங் செய்கிறானாம்.

"சும்மா திரும்புறது இல்லக்கா, நம்ம கையையும் இழுக்கும்" என்றான்.

ஸ்டீரிங் திரும்பும் கோணத்தை சென்சார் கணினிக்குச் சொல்கிறது. டயர் மீதான விசையை விளையாட்டு கணக்கிட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்த அளவுக்கு மோட்டார் நம் கையை எதிர்க்கிறது.

தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டிய அப்பா, "விளையாட்டுக்கு இவ்வளவு செலவா?" என்று முகம் கொடுக்கவில்லை. 1999 முதல் 2017 வரை சிப்பாங்கில் ஃபார்முலா 1 நடந்தும் ஒருமுறைகூட அவர் போனதில்லை.

ஒரு ஞாயிறு அவரை உட்கார வைத்தோம். தடம் சிப்பாங். ஒரு வளைவில், "ஸ்டீரிங் லேசாகுதுடா, முன் டயர் பிடி விடுது" என்றார். அதன் பிறகுதான் திரையில் கார் விலகியது. பவர் ஸ்டீரிங் இல்லாத லோரியில் பழகிய கை!

செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளே, மோட்டார் திடீரெனச் சுழன்றால் விரல் முறியும். குறைந்த விசையில் தொடங்குங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்த வாரம் அப்பாவே கேட்டார்: "அந்தச் சிப்பாங் இன்னிக்கு இருக்கா?"