பருவமாற்றமும் தளர்ந்த தசைகளும்

சித்திரை வெயிலும் மார்கழிக் குளிரும் நம்மவர்க்குப் புதியன அல்ல. வியர்த்தால் விசிறிக்கொள்வோம், குளிர்ந்தாற் போர்த்துக்கொள்வோம். ஆனால் நரம்பும் தசையும் பழுதுற்றோர்க்கு எழுந்து நடத்தலும், உண்ணலும், சில வேளைகளில் மூச்சுவிடுதலுங்கூடச் சுவாத்தியத்தைப் பொறுத்தனவாகும். அவருட் சிலருக்கு வெப்பம் பகை. சிலருக்குக் குளிர் பகை. இவ்வேறுபாட்டை அறியாது எல்லார்க்கும் ஒரே புத்திமதி கூறுவோர் நம்மிடையே மிகப் பலர். ஆதலின் இரு நோய்களை எடுத்து விளக்க முற்படுகின்றோம்.

முதலாவது மயஸ்தீனியா கிராவிஸ் என்பது. நரம்பின் நுனியிற் சுரக்கும் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள், தசையிலுள்ள வாங்கிகளைச் சென்று பற்றும்போதே தசை சுருங்குகின்றது. இந்நோயாளர் பெரும்பாலாரிடத்து, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வாங்கிகளைத் தாக்கி அழிக்கின்றது. காலையில் நன்றாய்த் திறந்திருந்த கண்ணிமை மாலையிற் சரியும். பேசப் பேசக் குரல் மங்கும். நெடுநேரம் பேசினால் நா எழாதுபோன ஒரு பெண்ணைப் பற்றி ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் 1672இல் எழுதியுள்ளார். நற்பரிகாரத்துக்கோ 1934 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் கிறினிச்சிலே பணிபுரிந்த மேரி வாக்கர் என்னும் பெண் வைத்தியர், குராரே என்னும் அம்புநஞ்சு ஏறியவரின் நிலையை இந்நோய் ஒத்திருத்தலைக் கருதி, அந்நஞ்சுக்கு மாற்றான பைசோஸ்ரிக்மினை ஊசிமூலம் ஏற்றினார். தளர்ந்த தசைகள் வலுப்பெற்றன.

அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்ததே அம்மருந்தின் வேலை. சுவாத்தியம் இங்கேதான் வந்து புகுகின்றது. குளிர்ச்சி அந்நொதியத்தின் வேகத்தைத் தணிக்கும். வெப்பம் அதனைக் கூட்டும். சரிந்த இமைமீது பனிக்கட்டிப் பொதியை இரண்டு நிமிடம் வைத்தால் பலருக்கு இமை உயர்தலைக் காணலாம். வைத்தியர்கள் இதனை ஒரு சோதனையாகவே கொள்கின்றனர். வெயிலிற் சோர்ந்து நிற்பவனைச் சோம்பேறி என்பார் இச்சோதனையை ஒருமுறை கண்ணாற் காண வேண்டும்.

ஆகவே இந்நோயாளர் கடுமையான அலுவல்களை முற்பகலில் முடித்துக்கொள்வது நன்று. வெந்நீர் முழுக்கு ஆகாது. கழுத்திலே ஈரத்துணியும், மின்சாரம் நின்ற வேளைக்கென்று குடுவையிற் பனிக்கட்டியும் இருத்தல் உதவும். சூடான உணவினும் ஆறிய உணவே பலருக்கு விழுங்க எளிது. பைரிடோஸ்ரிக்மின் மாத்திரையை வைத்தியர் சொற்படி உணவுக்கு அரைமணி நேரம் முன் உட்கொண்டால், மெல்லும் வேளையில் தசை வலுவுற்றிருக்கும். மாரிகாலத்தில் வெயிலின் தொல்லை நீங்கினும் சளியும் காய்ச்சலும் அதனினும் கொடியன. அவற்றுக்குத் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுட் சில இந்நோயை மோசமாக்குமாதலால், எந்த வைத்தியரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலிற் கூறிவிடல் வேண்டும். மூச்சு முட்டுமாயின் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

இரண்டாவது, இளம்பிள்ளைவாதம் விட்டுச்சென்ற வலுவின்மை. 1962இல் இலங்கையில் இந்நோய் பெருவாரியாய்ப் பரவிற்று. 1993இன் பின் இங்கு எவரும் இதனாற் பீடிக்கப்படவில்லை. ஆயினும் அன்று கால் சூம்பியோர் இன்று முதியோராய் நம்மிடையே வாழ்கின்றனர். அவருட் சிலருக்குப் பல்லாண்டு கழித்துப் புதிய தளர்ச்சியும் தோன்றுவதுண்டு. சூம்பிய தசை வெப்பத்தைப் போதிய அளவு பிறப்பிப்பதில்லை; இரத்தத்தை இதயம் நோக்கித் தள்ளுவதுமில்லை. ஆதலின் பிறர் பொருட்படுத்தாத வாடைக்காற்றிலும் அக்கால் நீலம்பாரித்துச் சில்லிடும். உள்ள வலுவும் குன்றும். ரொறன்ரோவிற் குடியேறிய நம் பழைய மாணவர்க்கு உறைபனியின் கொடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் கொழும்பிலே குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்போருக்கும் இது பொருந்தும். குளிர்ந்த பின் சூடேற்ற முயல்வதிலும், குளிருமுன்னரே காலுறையும் கம்பளியும் அணிதல் மேல். ஒரே தடித்த ஆடையினும் மெல்லிய ஆடைகள் பல, ஒன்றின்மேலொன்றாய் அணியப்படின், வெப்பத்தை நன்கு காக்கும்.

இனி, கல்லூரியாரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய மாணாக்கன் ஒருவன் வந்து சேர்வானாயின், வகுப்பைக் கீழ்மாடியில் அமைத்து, மின்விசிறியின் கீழ் அல்லது அதற்கு விலகி, அவன் நோய்க்கேற்ற இடத்தை அவனையே கேட்டுக் கொடுப்பார்களாக. பிற்பகலில் எழுதும் பரீட்சைக்கு இடையே சிறிது ஓய்வும் வேண்டும். அதற்குரிய வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தைத் தவணைத் தொடக்கத்திலேயே பெற்று வைத்தல் நலம்.